கணுவும் கவடும்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள் மாலை, நான் பயிலும் கல்லூரியின் மருத்துவமனைக்கு நம் நாட்டுக்காரர் ஒருவர் வந்தார். சாலை போடும் வேலைக்காக விழுப்புரத்துப் பக்கத்திலிருந்து அழைத்து வரப்பட்டவர்களுள் அவர் ஒருவர். வயது ஐம்பதுக்கு மேலிருக்கும். அவருக்கு இந்தி தெரியாது. மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. "தமிழ் மாணவன் ஒருவன் இருக்கிறானே, அவனைக் கூப்பிடு" என்று ஆள் அனுப்பினார்கள். நானும் மிகுந்த பெருமிதத்தோடு போய் நின்றேன். பள்ளியிறுதித் தேர்வில் தமிழில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் அல்லவா நான்!

"என்னய்யா உடம்புக்கு?" என்று கேட்டேன்.

"கவட்டியில நெறி கட்டியிருக்கு தம்பி. ரெண்டு நாளா கால எடுத்து வைக்க முடியல. ராத்திரியில குளிர் வேற அடிக்குது" என்றார் அவர்.

நான் விழித்தேன். நெறி என்றால் வள்ளுவர் சொன்ன நெறிதான் எனக்குத் தெரியும். நன்னெறி தெரியும், தீநெறி தெரியும். அது எப்படி ஒரு மனிதரின் உடம்பில் கட்டும்? கவட்டி என்றதும் சிறுவயதில் மாங்காய் அடித்த கவட்டைக் கோல்தான் நினைவுக்கு வந்தது. தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. "காலில் வலியாம், காய்ச்சலும் இருக்கிறதாம்" என்று மருத்துவரிடம் சொல்லிவிட்டேன். அவர் முழங்காலை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார், கெண்டைச் சதையை அழுத்திப் பார்த்தார். நோயாளி பொறுமை இழந்தார். என்னைப் பாராமல் மருத்துவரின் கையையே பிடித்துத் தம் தொடையிடுக்கில் வைத்துக் காட்டினார். அங்கே இரண்டு மூன்று கட்டிகள் புடைத்திருந்தன. பிறகு தாமே பாதத்தைத் திருப்பிக் காட்டினார். ஆணி குத்திய புண் அங்கே சீழ் வைத்திருந்தது.

"கால்ல புண்ணு இருந்தா கவட்டியில நெறி கட்டத்தான செய்யும்? இது தெரியாதா தம்பி?" என்றார் என்னிடம். அவர் குரலில் கோபமில்லை. அதனால்தான் எனக்கு நாணம் மிகுதியாயிற்று.

நண்பர்களே, அவர் சொன்னது என்ன என்று எண்ணிப் பாருங்கள். காலிலிருந்து வரும் நிணநீர் தொடையிடுக்கிலுள்ள கணுக்களின் வழியாகவே மேலே செல்கிறது. காலில் புண் ஏற்பட்டுக் கிருமிகள் புகுந்தால் அக்கணுக்கள் வீங்குகின்றன. கையில் புண்ணென்றால் அக்குளில் வீங்குகின்றன. இதை நான் ஆங்கிலப் புத்தகத்தில் படம் வரைந்து, வண்ணம் தீட்டி, மனப்பாடம் செய்து தேர்வு எழுதியிருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதரோ அதையே ஆறேழு சொற்களில் அடக்கிவிட்டார். என்னிடம் பாடம் இருந்தது. அவரிடம் சொல் இருந்தது. இரண்டும் சந்திக்க முடியாமற் போயிற்று. அதற்குக் காரணம் நான்.

அன்று முதல் ஒரு சிறு பைத்தியம் என்னைப் பிடித்துக்கொண்டது. உடம்பில் உறுப்பும் உறுப்பும் கூடுகின்ற இடங்களுக்குத் தமிழில் என்னென்ன பெயர்கள் உண்டு என்று தேடத் தொடங்கினேன். என் அறையில் உடன் தங்கியிருப்பவர் பயிரியல் மாணவர், தஞ்சை மாவட்டத்துக்காரர். நான் உடம்பைச் சொல்ல, அவர் செடியைச் சொல்ல, பல இரவுகள் இப்படியே கழிந்தன. அவற்றில் நாங்கள் கண்ட ஓர் உண்மை உண்டு. பொருத்துகளுக்குத் தமிழன் பெயர் வைத்தபோது மரத்தையும் மனிதனையும் வேறாக எண்ணவே இல்லை.

கணு என்ற சொல்லைப் பாருங்கள். கரும்புக்குக் கணு, மூங்கிலுக்குக் கணு, நம் காலுக்குக் கணுக்கால். கவடு என்றால் மரம் இரண்டாகப் பிரியும் இடம். மனித உடல் இரு தொடைகளாகப் பிரியும் இடமும் அதுவே. அதுதான் அந்தப் பெரியவரின் கவட்டி. காம்பு பூவுக்கும் உண்டு. தாயின் மார்புக்கும் உண்டு. கரும்பின் கணுவில் முளைக்கக் காத்திருக்கும் மொட்டை உழவர் பரு என்பர். ஒரு பருக் கரணை, இரு பருக் கரணை என்று எண்ணித்தான் நடுகின்றனர். அதே பரு நம் முகத்திலும் தோன்றிக் கண்ணாடி முன்னே நம்மை வருத்துகிறது. குழந்தையைத் தாயோடு பிணைத்திருப்பது கொப்பூழ்க்கொடி. கருப்பைக்குள்ளும் ஒரு கொடி படர்வதாகக் கண்டவர்கள் நம் முன்னோர்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு சான்று இருக்கிறது. அதை நாம் எல்லோரும் பள்ளியில் படித்திருக்கிறோம்; ஆனால் நின்று பார்த்ததில்லை. பெயர்ச்சொல் ஆறு வகைப்படும் என்று படித்தபோது சினைப்பெயர் என்று ஒன்று வந்ததே, நினைவிருக்கிறதா? கண், கை, கிளை, இலை என்று ஆசிரியர் எடுத்துக்காட்டுச் சொன்னாரே! சினை என்றால் மரத்தின் கிளை; சினை என்றால் உடலின் உறுப்பு. கையையும் கிளையையும் ஒரே பெட்டியில் போட்டு வைத்தது நம் இலக்கணம்.

இஃது ஏதோ நமக்கு மட்டும் வாய்த்த பெருமை என்று மார்தட்டிக்கொள்ள நான் விரும்பவில்லை. மற்ற மொழியினரும் இவ்வழியில்தான் நடந்திருக்கின்றனர். இலத்தீன் மொழியில் ஆக்ஸில்லா என்றால் அக்குள். இலை தண்டோடு சேருமிடத்தைக் கண்ட பயிரியலார், அதையும் அச்சொல்லாலேயே அழைத்தனர். அங்கேதான் பக்க மொட்டு பிறக்கிறது. கிரேக்கர் முழங்காலைக் கோனி என்றனர். கணுக்கள் பருத்த ஒரு செடியினத்துக்குப் பாலிகோனம், அதாவது பல முழங்கால்களை உடையது, என்று பெயர் வந்தது. வடமொழியில் பர்வன் என்றால் நாணலின் கணு. விரலின் கணுவும் அதுவே. பாரதத்தின் 18 பகுதிகளையும் பர்வம் என்றனர். நாம் பருவம் என்கிறோம். ஒரு பெருங்கதை 18 கணுக்கள் விட்டு வளர்ந்ததாக அவர்கள் கண்டார்கள் போலும்!

சுசுருத சங்கிதையில் உடலின் மூட்டுகள் 210 என்று கணக்கிட்டு, அவற்றை 8 வகையாகப் பிரித்திருக்கின்றனர். அவ்வகைகளின் பெயர்களைக் கேட்டபோது எனக்கு வியப்புத் தாங்கவில்லை. ஒன்றின் பெயர் உரல். குழிக்குள் உலக்கை சுழல்வதுபோல் எலும்பு சுழலும் மூட்டு அது. இன்னொன்றின் பெயர் தைத்த தையல். மண்டை ஓட்டின் எலும்புகள் சேர்ந்திருக்கும் விதம் அது. ஐரோப்பியரும் அதே மண்டை ஓட்டைப் பார்த்துத் தையல் என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லையே இட்டனர். கண்ணுள்ளவன் எந்நாட்டில் பிறந்தாலும் கண்டது ஒன்றுதான்.

இதிலிருந்து நான் அடைந்த முடிவு இது. இன்று நாம் அஞ்சி வணங்கும் இலத்தீன் கலைச்சொற்கள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. அவை சமையலறைச் சொற்கள், தையற்காரரின் சொற்கள், மரம் வெட்டுவோரின் சொற்கள். பிளசெண்டா என்றால் தட்டையான பணியாரம். பல்வினஸ் என்றால் மெத்தை. அவர்கள் வீட்டுப் பணியாரம் கலைச்சொல்லாகலாம் என்றால், நம் வீட்டுக் கொடியும் கணுவும் ஏன் ஆகக்கூடாது?

ஆகியிருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். நம் பாடநூல்களை எழுதியவர்களை எள்ளி நகையாடுவது நம்மில் சிலருக்கு வழக்கமாகிவிட்டது. அது நன்றியின்மை. நண்டும் தேளும் வண்டும் அடங்கிய பெருந்தொகுதிக்கு அவர்கள் கணுக்காலிகள் என்று பெயரிட்டனர். மூட்டுள்ள காலுடையவை என்ற கிரேக்கப் பொருள் அதில் சிறிதும் சிதையவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடக் கரப்பான்பூச்சியின் காலைப் பார்த்து அப்பெயரின் காரணத்தைக் கண்டுகொள்ளும். முழங்கை மூட்டுக்குக் கீல் மூட்டு என்று பெயர் வைத்தார்கள். கதவுக்குக் கீல் உண்டு. மூட்டு நோய்க்குக் கீல்வாயு என்ற பழம்பெயரும் உண்டு. தச்சரும் வைத்தியரும் ஒரே சொல்லில் கைகோத்து நிற்கின்றனர். தொட்டாற்சுருங்கியின் இலைக்காம்பு அடியில் பருத்த மூட்டு ஒன்று இருக்கிறது. தொட்டவுடன் அம்மூட்டின் ஒரு பக்கத்து உயிரணுக்கள் நீரை இழக்கின்றன. இலை தொங்கிப் போகிறது. மாலையில் தூங்குமூஞ்சி மரம் இலை மடக்கி உறங்குவதும் இத்தகைய மூட்டினாலேயே. செடிக்கும் அசையும் மூட்டு உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இதற்கு அதைப்பு என்று பெயரிட்டவர் யாராயினும் அவரை வணங்குகிறேன். தூக்கம் விழித்த முகத்தைப் பார்த்து, "ஏண்டா முகம் அதைச்சுக் கிடக்கு?" என்று நம் தாய்மார் கேட்கிறார்களே, அச்சொல்தான் அது.

ஆனால் எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. இலையின் அக்குளில் தோன்றும் மொட்டை நம் நூல்கள் கோணமொட்டு என்கின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் கக்க அரும்பு என்கின்றன. கோணம் தவறான சொல் அன்று. இலைக்கும் தண்டுக்கும் இடையே கோணம் இருப்பது உண்மையே. ஆயினும் கோணம் என்றதும் மாணவன் கணக்குப் பலகையை நினைக்கிறான். கக்கம் என்றதும் தன் கையைத் தூக்கிப் பார்க்கிறான். எது மனத்தில் நிற்கும்? என் வாக்கு கக்கத்துக்கே. என் அறைத் தோழரின் வாக்கு கோணத்துக்கு. இச்செய்தியில் எங்களுக்குள் இன்னும் சமாதானம் ஏற்படவில்லை.

நூல் எழுதுவோர் ஒரு புதுப் பொருளுக்குப் பெயர் தேடும்போது முதலில் அகராதியைத் திறக்கின்றனர். அதற்கு முன் வயலுக்கும் தச்சுப் பட்டறைக்கும் போய்வர வேண்டும் என்பதே என் கட்சி. அங்கே கிடைக்காவிட்டால் புதிதாக ஆக்கலாம். பந்துக் கிண்ண மூட்டு என்பது அப்படி ஆக்கப்பட்டது, நன்றாகவே இருக்கிறது. அதுவும் இயலாவிட்டால் உலக வழக்கை அப்படியே எழுதிக்கொள்ளலாம். வரிசை இதுவாக இருக்க வேண்டும். தலைகீழாக இருக்கக்கூடாது.

இம்முயற்சி புதியதும் அன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு தமிழ் கற்றார். தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கினார். உடற்கூற்றுக்கு அவர் ஆண்ட பெயர் அங்காதிபாதம். அப்பெயர் நிலைக்கவில்லை. ஆனால் கடல் கடந்து வந்த ஒருவர், நோயாளியின் மொழியிலேயே மருத்துவன் கற்க வேண்டும் என்று ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக முன்பே உணர்ந்தார். அது நிலைக்க வேண்டிய உணர்ச்சி அன்றோ?

இனி, மறுப்புகளுக்கு வருகிறேன். சங்கக் கூட்டத்தில் இதை நான் பேசியபோது மூன்று கேள்விகள் எழுந்தன.

"உலகமெல்லாம் ஆங்கிலத்தில் படிக்கும்போது நீ மட்டும் கவட்டியைக் கட்டிக்கொண்டு அழுவாயா?" என்று கேட்டார் ஒரு நண்பர். ஆங்கிலத்தை விடு என்று நான் சொல்லவே இல்லை. ஆய்வுக் கட்டுரைக்கு ஆங்கிலம் வேண்டும். ஆனால் ஆய்வுக் கட்டுரைக்கு வலிக்காது, மனிதருக்குத்தான் வலிக்கும். 2022 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் உடற்கூற்றியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகிய பாடங்களுக்கு இந்தி நூல்கள் வெளியிடப்பட்டன. அவற்றில் பல கலைச்சொற்கள் ஆங்கிலமாகவே, எழுத்து மட்டும் தேவநாகரியாக, இருந்தன. அதைச் சிலர் ஏளனம் செய்தனர். எனக்கு அதில் குறை தோன்றவில்லை. தொடக்கம் அப்படித்தான் இருக்கும். ஆனால் முடிவும் அதுவாகிவிட்டால் மாணவனுக்கு எழுத்து மாறுமே தவிர, நோயாளியின் பேச்சு விளங்காது.

"ஊருக்கு ஒரு சொல் இருக்கிறதே, எதை எடுப்பது?" என்றார் மற்றொருவர். நியாயமான கேள்வி. அக்குள் என்பார் சிலர். கக்கம் என்பார் சிலர். கமுக்கட்டு என்பாரும் கம்முக்கூடு என்பாரும் உளர். நூலுக்கு ஒன்றைத் தேர்ந்துகொள்வோம். ஆனால் மருத்துவனாகப் போகிறவன் நான்கையும் அறிந்திருக்க வேண்டும். மார்பில் தோன்றும் புற்று பரவும்போது பெரும்பாலும் முதலில் சென்றடைவது அக்குளின் நிணநீர்க் கணுக்களையே. ஒரு கிராமத்து அம்மையார் வந்து, "கமுக்கட்டுல என்னமோ உருண்டையா தட்டுப்படுது" என்று தயங்கித் தயங்கிச் சொல்லும்போது, அச்சொல் தெரியாத மருத்துவன் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டால் என்ன ஆகும்? அவர் இரண்டாம் முறை வாய் திறந்து சொல்வாரா? எனக்கு ஐயமாக இருக்கிறது.

மூன்றாவது மறுப்பைச் சொன்னவர் எழுந்து சொல்லவில்லை, சிரித்தார். கவட்டி என்று நான் மேடையில் சொன்னபோது எழுந்த சிரிப்பு அது. இச்சொற்கள் நாகரிகமற்றவை என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அதே இடத்தை ஆங்கிலத்தில் சொன்னால் எவரும் சிரிப்பதில்லை. ஒரே உடம்பு தமிழில் மட்டும் அசிங்கமாகிவிடுமா? சொல்லைக் கண்டு நாம் நாணுவதால், நோயை நாணி மறைப்பவர்கள் பெருகுகிறார்கள். இஃது ஒன்றே போதும், இச்சொற்களை நாம் வாய்விட்டு வழங்குவதற்கு.

ஆகவே நம் சங்கத்தின் முன் ஒரு சிறு வேண்டுகோளை வைக்கிறேன். இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டாம், தீர்மானம் வேண்டாம், தலைவர் உரையும் வேண்டாம். வரும் விடுமுறையில் ஊருக்குப் போகிற ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள். பாட்டியிடம் கேளுங்கள், எந்தெந்த மூட்டில் வலி என்று. அவர் சொல்லும் பெயரை அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். கரும்பு வெட்டுபவரிடம் கணுவின் பாகங்களைக் கேளுங்கள். கைலி மூட்டித் தரும் தையற்காரரிடமும், கதவு மாட்டும் தச்சரிடமும் கேளுங்கள். மாவட்டப் பெயரையும் பக்கத்தில் குறியுங்கள். மதுரையும் கோவையும் நாகர்கோவிலும் சென்னையும் இந்த ஒரு விடுதிக் கூடத்தில் கூடியிருக்கின்றன. ஊரிலே இருந்திருந்தால் நாம் ஒருவரையொருவர் கண்டிருக்கவே மாட்டோம். தொலைவில் வந்திருப்பதால் நமக்குக் கிடைத்த பேறு இது. திரட்டியதை அடுத்த மலரில் அச்சிடுவோம். மருத்துவம் படிப்பவனுக்கும் பயிரியல் படிப்பவனுக்கும் அது பயன்படும். என்னைப்போல் மேலும் ஒருவன் நோயாளியின் முன் விழித்து நிற்காமல் இருந்தால் அதுவே போதும்.

நான் சென்ற விடுமுறையிலேயே தொடங்கிவிட்டேன். என் பாட்டிக்கு விரல்களில் வாதம். "எங்கே பாட்டி வலி?" என்று கேட்டேன். விரல்களை மடக்கி, புடைத்து நின்ற கணுக்களைக் காட்டி, "எல்லா மொழியும் வலிக்குதுடா" என்றாள். விரல் மொழி, கால் மொழி என்று மூட்டையே மொழி என்பது அவள் வழக்கு. பேசுகிற மொழிக்கும் உறுப்பைச் சேர்க்கிற மொழிக்கும் அவளிடம் ஒரே ஒலிதான்.

அந்தச் சாலைத் தொழிலாளி ஒரு வாரம் கழித்துப் புண்ணுக்குக் கட்டு மாற்ற வந்தார். நெறி வடிந்திருந்தது. என்னைக் கண்டதும் சிரித்தார். "இப்ப தெரியுமா தம்பி?" என்றார்.

"தெரியும் ஐயா" என்றேன். குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் எழுதியிருப்பது அவர் தந்த இரண்டு சொற்கள்.